பால் இல்லாமல் ஐந்தரைக் கிலோ

ரத்ததான முகாமில் கட்டிலில் படுக்கும் முன்பே என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். குறைந்தது 45 கிலோ இருக்கணுமாம். மெஷின் காட்டியது 41. என் உயரம் 158 செ.மீ., கணக்குப் போட்டால் பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடை இருக்கிறதா என்று காட்டும் எண்) 16.4. அது சரியான எடையின் கீழ் எல்லையான 18.5-ஐத் தொட 46 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே போகணும்.

வீட்டில் சொன்னதும் அம்மா ஆரம்பித்துவிட்டார். "பாலைத் தொடாத புள்ள எப்படிடி தேறும்?"

தொட்டால் என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியும். ஒரு டம்ளர் குடித்தால் வயிறு உப்பிக்கொண்டு கழிவறைக்கு ஓட்டம். தயிரும் அப்படித்தான். டாக்டர் இரண்டு வாரம் பால் சங்கதி எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். வயிறு அடங்கியது. மறுபடி குடித்துப் பார்த்தேன், பழைய கூத்து. பாலிலுள்ள லாக்டோஸைச் செரிக்கும் நொதி எனக்குக் குறைவு என்றார். ஒல்லியாக இருப்பதற்கு வேறு காரணம் உண்டா என்று தைராய்டும் சர்க்கரையும் பார்த்தார். இரண்டும் சரி.

அதற்குப் பிறகும் ஒரு முட்டாள்தனம் செய்தேன். ஜிம்மில் ஒரு தம்பி, "கலக்கிக் குடிங்கக்கா, ஒரே மாசம்" என்று ஒரு மாஸ் கெய்னர் (எடை கூட்டும் பவுடர்) டப்பாவை என் தலையில் கட்டினான். இரண்டே நாளில் வயிறு கடமுடா. அப்புறம்தான் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தேன். வே புரோட்டீன். பாலைத் திரித்து சீஸ் செய்யும்போது பிரிகிற தண்ணீரிலிருந்து எடுப்பது! அன்றிலிருந்து பிஸ்கட் பாக்கெட்டைக்கூடத் திருப்பிப் படிக்காமல் வாங்குவதில்லை.

தட்டில் சோற்றைக் கூட்டிப் பார்த்தேன், இறங்கவில்லை. அடுத்த வேளையும் பசிக்காமல் போனதுதான் மிச்சம். தினம் 300, 400 கலோரி கூடினால் போதும், அதைச் சாப்பாட்டுக்கு நடுவே கொண்டுவா என்றார் டாக்டர். மல்லாட்டைதான் கைகொடுத்தது (வெளியூர்க்காரர்களுக்கு: வேர்க்கடலை). 50 கிராமில் சுமார் 280 கலோரி, 12 கிராம் புரதம். ஆபீஸ் டிராயரில் எப்போதும் ஒரு டப்பா இருக்கும். பண்ருட்டி அத்தை ஊருக்கு வரும்போதெல்லாம் உடைத்த முந்திரி கொண்டுவருவார். முழு முந்திரியைவிட விலை குறைவு, சத்து ஒன்றுதான். பலாப்பழ சீசனில் அவித்த பலாக்கொட்டையும் வரும். இட்லிப் பொடிக்கு ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் விட்ட இடத்தில் மூன்று விட்டேன். சாப்பிடும் அளவு கூடவே இல்லை, எண்ணெயிலேயே நூறு கலோரி போல வந்துவிடும்.

"எலும்புக்கு என்னடி பண்ணுவ?" என்பது அம்மாவின் அடுத்த கேள்வி. கேழ்வரகு 100 கிராமில் 340 மில்லிகிராமுக்குப் பக்கமாகக் கால்சியம் இருக்கிறது. வாரத்தில் நான்கு நாள் முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடை, அவ்வப்போது எள்ளுருண்டை, கடலூர் முதுநகர்ப் பக்கமிருந்து வரும் நெத்திலி மீன். நெத்திலியை முள்ளோடு மென்றால்தான் கால்சியம், ஆய்ந்து போட்டுவிட்டால் வெறும் ருசி.

முதல் இரண்டு மாதத்தில் இரண்டு கிலோ ஏறியது. மூன்றாம் மாதம் முள் அசையவே இல்லை. அம்மா முகத்தில் ஒரு வெற்றிக்களை. தினம் இரண்டு முட்டையும் ஒரு வாழைப்பழமும் சேர்த்தேன். சில்வர் பீச்சில் வேக நடை போவதைக் குறைத்துக்கொண்டு, வாரம் மூன்று நாள் டம்பெல் தூக்கினேன். இல்லாவிட்டால் ஏறுவதெல்லாம் தொப்பையாகிவிடும் என்று பயம். ஏழாவது மாத முடிவில் 46.5.

மறுபடி முகாமுக்குப் போனேன். எடை தேறிவிட்டது. ஆனால் ஹீமோகுளோபின் 12.5 வேண்டுமாம், எனக்கு 11.6. திரும்பவும் வாசலோடு சரி. டாக்டர், "சாப்பிட்டதும் என்ன குடிப்பே?" என்றார். பாலை விட்டதிலிருந்து கை கழுவியதும் ஒரு கிளாஸ் பிளாக் டீ! அதிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள், சாப்பாட்டிலிருக்கும் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாதாம். இப்போது டீ ஒன்றரை மணி நேரம் தள்ளி, கீரைச் சாப்பாட்டோடு எலுமிச்சை ஜூஸ்.

அம்மாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை.