காதுக்குள்ளே ஒரு மைக்

கொக்லியர் இம்பிளாண்ட் (வெளி மைக் பிடிக்கிற சத்தத்தை, உட்காதுக்குள் வைத்த மின்முனை வழியாக நேரே நரம்புக்குக் கொடுக்கிற கருவி) வைத்த பிள்ளை இருக்கிற வீட்டில் எல்லாருக்கும் தெரியும், வெளியாட்களுக்குத்தான் தெரியாது: அந்தக் கேள்வித்திறன் கழற்றி வைக்கிற ஒன்று. குளிக்கும்போது கழற்ற வேண்டும், படுக்கும்போது கழற்ற வேண்டும். நீருக்குள் போடுகிற உறை இல்லாவிட்டால் கடலில் இறங்கும்போதும் கழற்றத்தான் வேண்டும். கழற்றிய நொடியில் ஒன்றுமே கேட்காது. என் அக்காவின் மகளுக்கு இம்பிளாண்ட் இருக்கிறது. மட்டக்களப்பின் கல்லடிக் கடற்கரையில் மற்றப் பிள்ளைகளை "அங்கால போகாதீங்க புள்ள" என்று கரையில் நின்றே கூப்பிடலாம். இவளுக்கு ஒரு ஆள் கூடவே தண்ணீரில் நிற்க வேண்டும். கச்சான் காற்று வீசுகிற வெக்கை மாதங்களில் வியர்வை இறங்கி மைக்கின் சின்னத் துவாரம் அடைத்துக்கொள்ளும், மாரியில் ஈரம். இரவில் உலர்த்தும் பெட்டியில் போட்டு வைத்து, காலையில் எடுத்து, மைக் மூடியை விளக்கு வெளிச்சத்தில் பிடித்து உப்பு படிந்திருக்கிறதா என்று பார்ப்பது அக்காவுக்குப் பல் துலக்குகிற மாதிரி ஆகிவிட்டது.

நான் உயர்தரத்துக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறவன். அதனால் மின்முனை உள்ளே போன பிறகும் மைக் ஏன் இன்னும் வெளியே நிற்கிறது என்ற கேள்வி என்னை விடவே இல்லை.

மின்முனையை உட்காதுக்குள் வைக்கிற வேலை புதிதல்ல. 1961இல் லொஸ் ஏஞ்சலிஸில் வில்லியம் ஹவுஸ் வைத்தார், 1978இல் மெல்பேர்னில் கிரஹம் கிளார்க் பல தடங்கள் கொண்ட கருவியை வைத்தார். ஆனால் சத்தத்தைப் பிடிக்கிற மைக்கும் அதைப் பிரித்தெடுக்கிற கணினியும் இன்றுவரை அநேகமாகக் காதுக்குப் பின்னால்தான் தொங்குகின்றன. இதில் எனக்கு ஆறாத ஒரு விஷயம் உண்டு. இம்பிளாண்ட் தேவைப்படுகிறவர்களில் பெரும்பாலானோருக்குக் கெட்டுப்போயிருப்பது, அதிர்வை நரம்புக்குச் சொல்கிற உட்காதின் மயிர்க்கலங்கள் மட்டும். காது மடல், காதுக் குழாய், செவிப்பறை, அதன் பின்னால் இருக்கிற மூன்று சின்ன எலும்புகள் எல்லாம் நன்றாகவே இருக்கும். செவிப்பறை இப்போதும் சத்தத்துக்கு அதிர்ந்துகொண்டுதான் இருக்கிறது, அதைக் கேட்க ஆள் இல்லை. அதை விட்டுவிட்டு வெளியே ஒரு பிளாஸ்டிக் மைக்கை மாட்டுகிறோம். அதோடு, எந்தப் பக்கமிருந்து சத்தம் வருகிறது என்று மடல் தருகிற தகவலும் 3,000 ஹேர்ட்ஸ் பக்கம் காதுக் குழாய் தருகிற பெருக்கமும் வீணாகின்றன.

சரி, மைக்கைத் தோலுக்கு அடியில் வைத்தால்? செய்து பார்த்திருக்கிறார்கள். மெல்பேர்னில் மூன்று பேருக்கு முழுவதும் உள்ளே இருக்கிற இம்பிளாண்ட் வைத்த ஆய்வு 2008இல் வெளிவந்தது. கருவி வேலை செய்தது, ஆனால் உடம்பின் சத்தம் பெரிய தொந்தரவாக இருந்தது. சாப்பிட்டால், தலையைத் தடவினால், தான் பேசினால் அது பேரிரைச்சலாக வரும். வெளிச் சத்தமோ தோலையும் தசையையும் தாண்டி மங்கலாக வரும். வெளி மைக் தருகிற தெளிவு அதில் கிடைக்கவில்லை.

அதனால்தான் சிலருடைய கண் நேரே உட்காதின் திரவத்துக்குப் போனது. இது மட்டக்களப்பாருக்குச் சொல்ல இலகுவான விஷயம். நிலா இரவில் வாவியில் மீன் பாடுவதைக் கேட்கப் போகிறவர்கள் துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு, மறு முனையைக் காதோடு சேர்த்து வைப்பார்களே, அதன் காரணம் பௌதிகவியல். தண்ணீருக்கும் காற்றுக்கும் நடுவே ஒலி கடக்கிறபோது ஆயிரத்தில் ஒரு பங்குச் சக்திதான் கடக்கும், மிச்சம் தெறித்துத் திரும்பிவிடும். துடுப்பு அந்த எல்லையைத் தாண்டிச் சத்தத்தைக் காதுக்குக் கொண்டுவருகிறது. நம் நடுக்காது இதே வேலையை எதிர்த்திசையில், காற்றிலிருந்து திரவத்துக்குச் செய்கிறது. செவிப்பறையின் பயன்படுகிற பரப்பு ஏறத்தாழ 55 சதுர மில்லிமீற்றர், கடைசி எலும்பின் அடித்தட்டு 3.2 தான். அது 17 மடங்கு. எலும்புகளின் நெம்புகோல் 1.3 மடங்கு. பெருக்கினால் 22 மடங்கு அழுத்தம் திரவத்துக்குள் கிடைக்க வேண்டும். உண்மையான காதில் இது அதிர்வெண்ணைப் பொறுத்துக் கொஞ்சம் குறையும், ஆனாலும் கணக்கின் சாரம் இதுதான்: வெளியே இருப்பதைவிட உள்ளே அழுத்தம் பெரிது. மின்முனையை வைக்க மருத்துவர்கள் எப்படியும் அந்த இடத்தைத் திறக்கிறார்கள், மைக்கும் அதே வழியில் போகலாம்.

அளக்க முடியும் என்பதையும் காட்டிவிட்டார்கள். கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் எலிசபெத் ஓல்சன், 1 மில்லிமீற்றரில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாத கண்ணாடிக் குழாயின் நுனியில் பொன் பூசிய மெல்லிய சவ்வைக் கட்டி, அதில் பட்டுத் திரும்புகிற ஒளியை வைத்து, ஜெர்பில் என்கிற சின்ன எலியின் உட்காதில் இருக்கிற நத்தைக் குழலுக்குள் ஒலியழுத்தத்தை அளந்து 1999இல் வெளியிட்டார். அது ஆய்வுகூடத்துக்கான கருவி, உடம்பில் விட்டு வைக்கிறது அல்ல. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 2019இல், அழுத்தினால் மின் தருகிற நுண்ணிய தகடுகளை உயிருள்ள கினிப்பன்றியின் உட்காதுக்குள் வைத்து, சத்தத்துக்கேற்ற மின்னழுத்தத்தை எடுத்துக் காட்டினார்கள்.

கஷ்டம் எங்கே என்று கையால் தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டு, இணையத்தில் மலிவாக விற்கிற பிவிடிஎஃப் படலத் துண்டு ஒன்றை வரவழைத்து, வகுப்புப் பிள்ளைகளோடு உப்புத் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் வைத்தோம். பிவிடிஎஃப் என்பது ஒரு பிளாஸ்டிக், வளைத்தால் மின்னூட்டம் தரும். 1969இல் ஜப்பானின் ஹெய்ஜி கவாய் கண்டுபிடித்த குணம் இது. கிண்ணத்தின் பக்கத்தில் ஸ்பீக்கரை வைத்துப் பாட்டுப் போட்டால் மின்னலையை வரைந்து காட்டுகிற ஒசிலொஸ்கோப் திரையில் பாட்டைக் காணவில்லை. தெரிந்ததெல்லாம் கரண்டின் 50 ஹேர்ட்ஸ் அலைதான், தடித்த கயிறு மாதிரி திரை முழுக்க. ஒரு பிள்ளை மின்விசிறியை நிறுத்தினாள், கயிறு கொஞ்சம் மெலிந்தது. இரண்டு படலங்களை முதுகோடு முதுகாக ஒட்டி, வெளிப்பக்கத்தை நிலக்கம்பியோடு இணைத்து, ஒன்றின் மின்குறியிலிருந்து மற்றதன் மின்குறியைக் கழித்துப் பார்த்தபோதுதான் பாட்டின் அதிர்வு எழும்பி வந்தது. வளையும்போது ஒன்று இழுபடும், மற்றது சுருங்கும், அதனால் அவற்றின் குறிகள் எதிரெதிர். வெளியிலிருந்து வருகிற இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி, கழித்தால் போய்விடும். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

இதே யோசனையைத்தான் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகமும் பொஸ்டனின் மாஸ் ஐ அண்ட் இயர் மருத்துவமனையும் ஓல்சனும் சேர்ந்து 2024இல் வெளியிட்ட அம்போமைக் என்கிற உள் மைக்கில் பார்க்கலாம். இரண்டு பிவிடிஎஃப் படலம், நடுவில் மெல்லிய மின்சுற்றுப் பலகை. 3 மில்லிமீற்றர் அகல முக்கோணம், தடிப்பு 0.2 மில்லிமீற்றர். அது உட்காதுக்குள் போகவில்லை, நடுக்காதில் நிற்கிறது. செவிப்பறையின் நடுப் புள்ளியில் முட்டும் முதல் எலும்பின் நுனியைத் தொட்டுக்கொண்டு, நனோமீற்றர் கணக்கில் அசைகிற அசைவைப் பிடிக்கிறது. டைட்டானியம் பூசினால் உடம்பு ஏற்கும், ஆனால் பூசுகிற சூட்டில் பிவிடிஎஃப் தன் குணத்தை இழந்துவிடும். ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக, குளிர்விக்கும் தட்டில் வைத்துப் பூசினார்கள். இறந்தவர்களின் காதெலும்புகளில் சோதித்துப் பார்த்தபோது 100 முதல் 7,000 ஹேர்ட்ஸ் வரை, அதாவது பேச்சுக்கு வேண்டிய பரப்பில், நன்றாக வேலை செய்தது.

இதை மருமகளுக்குச் சொன்னதும் அவள் கேட்டது, "மாமா, அத வச்சா கடலுக்குள்ள முங்கலாமா?" முங்கலாம். ஆனால் காதுக் குழாயில் தண்ணீர் நிறைந்தால் செவிப்பறை சரியாக அசையாது, எங்களுக்கு முங்கும்போது எப்படி மங்கலாகக் கேட்கிறதோ அப்படித்தான் உனக்கும் கேட்கும் என்றேன். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

என் கருத்தில் நடுக்காது வழிதான் முதலில் வர வேண்டும். உட்காதுக்குள் இருப்பது சில சொட்டுத் திரவம். அங்கே மின்முனை நரம்பைத் தூண்டுகிற மின்னோட்டத்துக்குப் பக்கத்திலேயே அதைவிட மிக மிகச் சிறிய குறியைக் கேட்க வேண்டும். பழுதானால் எடுப்பதும் ஆபத்து. நடுக்காதில் வைத்ததை மருத்துவர் திரும்பப் போய்த் தொடலாம்.

மைக் உள்ளே போனால் பற்றரியும் உள்ளே போகிறது, அதற்கும் ஆயுள் உண்டு, மாற்ற ஒப்பரேஷன் வேண்டும். இங்கிருந்து கொழும்புக்கு இரவு முழுக்கப் பயணம் செய்கிற குடும்பங்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை. ஆகவே உள் மைக் நின்றாலும் பழைய வெளிக்கருவியை மாட்டிக் கேட்க முடிகிற அமைப்பு கட்டாயம் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இதைச் சொல்லும்போது சில பெற்றோர், அப்படியென்றால் அது வரும்வரை பொறுத்திருக்கலாமா என்று கேட்கிறார்கள். பொறுக்க வேண்டாம். பேச்சைப் பிடிக்கிற வயது காத்திருக்காது. தகுதியான பிள்ளைக்கு ஒரு வயதை ஒட்டியே இம்பிளாண்ட் வைக்கிறார்கள், அந்த ஆண்டுகளை வெளி மைக்கோடு கழிப்பது ஒன்றும் கேட்காமல் கழிப்பதைவிட எவ்வளவோ மேல். செவிப்பரிசோதனைக்குத் திகதி கிடைத்திருந்தால் அந்தத் திகதியிலேயே கூட்டிக்கொண்டு போங்கள்.