ஒற்றைத் திருகுக்கு ஒரு பகல்

ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், எழுபது வயதை நெருங்கும் விவசாயி ஒருவர் தன் ஸ்ப்ளெண்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார். திருத்துறைப்பூண்டிக்கும் மன்னார்குடிக்கும் நடுவில், சாலையோரத்தில் இருக்கிறது என் பட்டறை.

"தம்பி, ஸ்டார்ட் ஆவுது, ரெண்டு நிமிஷத்துல நின்னுபோவுது. களை எடுக்குற ஆளுங்களுக்குச் சாப்பாடு கொண்டு போவணும். சீக்கிரம் பாத்துக் குடுப்பா."

மழைக்காலத்தில் இது வழக்கமான நோய்தான். பெட்ரோலைக் காற்றோடு கலந்து என்ஜினுக்கு அனுப்பும் கார்பரேட்டரின் அடியில் இருக்கும் வடி திருகைத் தளர்த்தி, ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்தேன். பெட்ரோலுக்கு அடியில் தண்ணீர் தனியாகத் தேங்கி நின்றது. அந்தத் தண்ணீர், பெட்ரோல் போகிற சின்னத் துளையான ஜெட் வரை போனால் என்ஜின் நிற்கத்தான் செய்யும். கார்பரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கி நிற்கும் கப்பைக் கழற்றி ஜெட்டைச் சுத்தம் செய்தால் அரைமணி நேர வேலை. ஆனால் கார்பரேட்டரை வண்டியிலிருந்து இறக்கிப் பார்த்தபோது, கப்பைப் பிடித்திருக்கும் திருகுகளில் ஒன்றின் ஸ்டார், அதாவது தலையிலிருக்கும் கூட்டல் குறிப் பள்ளம், முழுக்க வழுக்கி, வட்டக் குழியாகிக் கிடந்தது. முன்பு யாரோ அவசரத்தில் திருகிப் பார்த்து விட்டுவிட்டிருக்கிறார்கள்.

இந்தத் திருகுகள் கெடுவதற்கு இரண்டு காரணம் உண்டு. ஒன்று, கார்பரேட்டரின் உடல் துத்தநாகக் கலவை அல்லது அலுமினியக் கலவை, திருகு இரும்பு. இரண்டு உலோகத்துக்கும் நடுவில் ஈரம் தங்கினால் வெள்ளைப் பொடி பூத்து, மரையோடு மரை ஒட்டிக்கொள்ளும். எங்கள் பக்கத்தில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. வாய்க்கால் கரையில் நிற்கிற வண்டிகள், சேற்றில் இறங்குகிற வண்டிகள், கிழக்கே போகப் போக வேதாரண்யத்து உப்புக்காற்று வேறு. பெட்ரோலில் எத்தனால் கலக்க ஆரம்பித்த பிறகு கப்புக்குள்ளும் இந்த வெள்ளைப் பொடியை அதிகம் பார்க்கிறேன். எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

இன்னொரு காரணம் நம் கையில் இருக்கும் திருப்புளி. ஜப்பானிய வடிவமைப்பில் வந்த வண்டிகளின் ஸ்டார் திருகும், கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஸ்டார் திருப்புளியும் பார்க்க ஒன்றுபோல் இருக்கும். ஆனால் ஒன்றல்ல. ஜப்பான் வகைத் திருகின் தலையில் பெரும்பாலும் சின்னதாக ஒரு புள்ளி இருக்கும். சாதாரணத் திருப்புளியின் முனை அதில் அடிவரை உட்காராது. அழுத்தித் திருகினால் மேலே ஏறி விளிம்பைச் சுரண்டிவிடும். இதை நான் தெரிந்துகொள்ளவே பத்து வருடம் ஆனது. அதுவரை என் கையால் எத்தனை திருகைக் கெடுத்திருப்பேன் என்று நினைத்தால் இன்றும் மனது கஷ்டப்படுகிறது.

அதில் மறக்கவே முடியாதது ஒரு யமஹா ஆர்.எக்ஸ். 100. தொழில் பழகிய காலம். உடைந்துபோன 4 மி.மீ. திருகுக்குள் துளை போட்டு, உடைந்த திருகைக் கவ்வி வெளியே எடுக்கும் ஈஸி அவுட்டை இறக்கித் திருகினேன். டக்கென்று ஒரு சத்தம். ஈஸி அவுட் உள்ளேயே முறிந்துவிட்டது. அது அவ்வளவு கடினமான இரும்பு, சாதாரண டிரில் அதன்மேல் வழுக்கிக்கொண்டேதான் ஓடும். லேத்துப் பட்டறையிலும் கையை விரித்துவிட்டார்கள். தேடியலைந்து பழைய கார்பரேட்டர் ஒன்றை வாங்கிப் போட்டுக் கொடுத்தோம். வண்டிக்காரர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. எனக்குத்தான் அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. அதன்பிறகு இவ்வளவு சின்னத் திருகில் ஈஸி அவுட்டை நான் தொடுவதே இல்லை.

சரி, பெரியவரின் வண்டிக்கு வருகிறேன். "ஐயா, இதுல அவசரப்பட்டா கார்பரேட்டரே போயிடும். என் வண்டிய எடுத்துட்டுப் போங்க, சாயங்காலம் வாங்க" என்று சாவியைக் கொடுத்தேன். அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, தூக்குச்சட்டியை என் வண்டியில் மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

முதலில் ஊசியால் திருகின் குழியிலிருந்த அழுக்கைக் கிளறி எடுத்தேன். துரு இளக்கும் ஸ்பிரேயை அடித்து ஒரு மணி நேரம் அப்படியே விட்டேன். அப்புறம் வெந்நீர். கப்பில் மிச்சமிருந்த பெட்ரோலை முழுக்க வடித்துவிட்டு, பக்கத்து டீக்கடை பாய்லரிலிருந்து கொதிநீர் வாங்கிவந்து, துணியை நனைத்து அந்த மூலையில் சுற்றினேன். சூட்டில் கார்பரேட்டரின் உலோகம் இரும்பைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும். மரையின் பிடி கொஞ்சம் இளகும். சிலர் கேஸ் நெருப்பைக் காட்டுகிறார்கள். பெட்ரோல் ஆபத்து ஒருபுறம் இருக்கட்டும், துத்தநாகக் கலவை 400 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும்.

சரியான திருப்புளியை நேராக நிறுத்திச் சின்னச் சுத்தியலால் நாலு தட்டு தட்டி, உடம்பின் பாரத்தைக் கொடுத்து அழுத்தி, முதலில் இறுக்கும் பக்கம் ஒரு இம்மி, பிறகு தளர்த்தும் பக்கம். பாதித் திருகுகள் இதிலேயே வந்துவிடும். இது வரவில்லை. திருகின் தலை பக்கச்சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்ததால் வைஸ் கிரிப் என்ற பூட்டுக் குறடால் கவ்வவும் இடமில்லை, ஆக்சா பிளேடால் கோடு போடவும் வழியில்லை.

மிச்சமிருந்தது ஒரே வழி. நடுவில் பஞ்ச் வைத்து, மெதுவாக டிரில் ஓட்டி, தலையை மட்டும் அறுத்தெடுத்தேன். தலை போனதும் கப் தானாகக் கழன்றது. எல்லோரும் பயப்படுகிற இடம் இது, ஆனால் பாரம் இறங்குவதும் இங்கேதான். இறுக்கிப் பிடித்திருந்த விசை போய்விட்டது. கப்பின் கனத்தளவுக்குத் தண்டு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. மறுபடி வெந்நீர்த் துணி, பிறகு வைஸ் கிரிப். அந்தப் பக்கம் கொஞ்சம், இந்தப் பக்கம் கொஞ்சம் என்று ஆட்டினேன். மாவு மாதிரி வெள்ளைப் பொடி உதிர உதிர முழுத் தண்டும் வெளியே வந்தது.

டிரில் தூள் ஒரு துளி தங்கினாலும் ஜெட்டை அடைத்துவிடும். அதனால் எல்லாவற்றையும் பிரித்துக் கழுவி, காற்றடித்தேன். மரையில், மரை வெட்டும் கருவியான டேப்பைக் கையால் ஒருமுறை ஓட்டிவிட்டு, புதுத் திருகுக்கு ஒரு பொட்டு கிரீஸ் தடவிப் போட்டேன். அந்தக் கிரீஸுக்குக் காசு கிடையாது. அதைத் தடவாமல் மாட்டுகிற பையன்களை நான் சும்மா விடுவதில்லை.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு வாரக்கணக்கில் இந்த வேலைதான் பார்த்தோம். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததிலிருந்து புது வண்டிகளில் பெரும்பாலும் பழைய மாதிரிக் கார்பரேட்டர் இல்லை. இப்போது வருகிற பையன்கள் வண்டியின் கோளாறைக் காட்டும் ஸ்கேனரைத்தான் முதலில் கேட்கிறார்கள். ஆனால் வரப்போரம் நிற்கிற வண்டிகளில் பாதிக்கு மேல் இன்னும் பழைய வண்டிகள். உர மூட்டையும் நாற்றுமுடியும் அவற்றில்தான் போகின்றன.

அடுத்த ஐப்பசியில் அதே பெரியவர் அதே வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். மறுபடியும் தண்ணீர். பட்டறைக்குப் புதிதாக வந்த பையனிடம் திருப்புளியைக் கொடுத்து, அந்த மூலைத் திருகைக் காட்டினேன். நேராக நிறுத்தி, அழுத்தித் திருப்பினான். கால் சுற்றில் இளகிவிட்டது. பெரியவர் பெஞ்சில்கூட உட்காரவில்லை, தூக்குச்சட்டியைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தார்.