ஆம்னிக்குப் பழைய ஸ்டியரிங் ராக்: பார்த்து வாங்கிய விதம்

எங்கள் வண்டி 2008 மாருதி ஆம்னி வேன். தினமும் காய்கறி லோடு. ஸ்டியரிங்கில் ப்ளே (சக்கரம் திரும்பாமல் ஸ்டியரிங் மட்டும் ஆடும் தளர்வு) கூடிக்கொண்டே போய், பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் கீழே டக் டக் என்று சத்தம் வந்தது. பட்டறையில் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி டயரை இடமும் வலமும் பிடித்து ஆட்டினார்கள், ஆட்டம் இருந்தது. மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் இல்லை. அதனால் வீல் பேரிங், பால் ஜாயிண்ட் மேல் சந்தேகம் இல்லை. ஒருவர் ஸ்டியரிங்கைத் திருப்ப, இன்னொருவர் அடியில் படுத்து டை ராடு எண்டையும் (சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் முனை மூட்டு) ஸ்டியரிங் காலத்தின், அதாவது ஸ்டியரிங்கில் இருந்து கீழே இறங்கும் தண்டின், ஜாயிண்டையும் பார்த்தார். இரண்டும் நன்றாக இருந்தன. தேய்ந்திருந்தது ராக்தான், அதாவது ஸ்டியரிங்கைத் திருப்பும்போது முன்சக்கரங்களை இடமும் வலமும் தள்ளும் பல் தண்டு.

ஆம்னி தயாரிப்பு 2019-ல் நின்றுவிட்டது. எங்கள் பக்கத்துக் கடைகளில் அசல் ராக் உடனே கிடைக்கவில்லை, வண்டி நின்றால் பிழைப்பும் நிற்கும். சரி, பழைய வண்டிச் சாமான் விற்கும் சென்னை புதுப்பேட்டையில் பார்க்கலாம் என்று முடிவு செய்தோம்.

கிளம்பும் முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேஸிஸ் நம்பரைக் கொண்டுபோய் ஸ்பேர் பார்ட்ஸ் கவுண்டரில் காட்டி, நம் வண்டிக்கான ராக்கின் பாக நம்பரை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மாருதி நம்பரில் முதல் 5 இலக்கம் என்ன பாகம் என்பதைத்தான் சொல்லும். எந்த மாடல் என்பது அதற்குப் பின்னால் வருவதில் இருக்கிறது. ஆரம்ப இலக்கங்கள் ஒன்றாக இருக்கின்றன என்பதற்காக வாங்கிவிடக் கூடாது. கழற்றிய சாமானில் ஸ்டிக்கர் பெரும்பாலும் இருக்காது. அதனால் எங்கள் பழைய ராக்கையே சாக்கில் சுற்றி எடுத்துப் போனோம். இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

முதல் கடையில், "எய்ட் ஹண்ட்ரடும் ஆம்னியும் ஒரே இன்ஜின்தானே சார், இது உட்காரும்" என்று மாருதி 800-இன் ராக்கை நீட்டினார் கடைக்கார அண்ணன். இரண்டிலும் இருப்பது 796 சிசி இன்ஜின்தான். ஆனால் ஸ்டியரிங்குக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? ஆம்னியில் ஓட்டுநர் முன்சக்கரத்துக்கு மேலேயே உட்காருகிறார், ஸ்டியரிங் காலம் கிட்டத்தட்ட நேராகக் கீழே இறங்குகிறது. 800-இல் அது சாய்ந்து போகும். இரண்டு ராக்கையும் பக்கத்தில் வைத்ததுமே பினியன் (ராக்கின் பற்களைத் தள்ளும் சிறிய பல்சக்கரத் தண்டு) நிற்கும் கோணம் வேறு என்று தெரிந்துவிட்டது. இன்னொரு கடையில் மாருதியின் இன்னொரு வேனான ஈகோவின் ராக்கைக் காட்டினார்கள். ஆம்னியின் வீல்பேஸ் 1840 மில்லிமீட்டர், ஈகோவுக்கு 2350. அது வேறு வண்டி. வேண்டாம் என்று நகர்ந்துவிட்டோம்.

கடைசியில் ஆம்னியில் இருந்தே கழற்றிய ராக் ஒன்று கிடைத்தது. அதையும் எங்களுடையதோடு சேர்த்துத் தரையில் வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டோம்: மொத்த நீளம், கிளாம்பு உட்காரும் இடங்களுக்கு இடையே உள்ள தூரம், பினியன் தலையில் உள்ள வரிப்பற்களின் எண்ணிக்கை, முனைகளின் மரை. பற்கள் ஒன்று குறைந்தாலும் ஜாயிண்ட் ஏறாது. அடித்து ஏற்றினால் என்றைக்காவது வழுக்கும். அப்புறம் பினியனைக் கையால் ஒரு கோடியில் இருந்து மறு கோடி வரை திருப்பி, எத்தனை சுற்று வருகிறது என்று இரண்டிலும் எண்ணினோம்.

பொருந்துவது வேறு, நன்றாக இருப்பது வேறு. வண்டி நேராக ஓடும் நேரமே அதிகம் என்பதால் ராக் நடுப்பகுதியில்தான் முதலில் தேயும். சிலர் அட்ஜஸ்ட்மென்ட்டை இறுக்கி நடுவில் இருக்கும் ப்ளேயை மறைத்துவிடுவார்கள். அப்படிப்பட்ட ராக்கைத் திருப்பினால் நடுவில் இலகுவாகவும் ஓரங்களில் இறுக்கமாகவும் போகும். நாங்கள் தேர்ந்தெடுத்த ராக் முழுக்க ஒரே சீராகப் போனது. ரப்பர் பூட்டை (தண்டை மூடும் உறை) விலக்கித் தண்டில் துரு அரித்த குழி இருக்கிறதா என்று பார்த்தோம், இரும்பு ஸ்கேலை வைத்து வளைவு இருக்கிறதா என்றும் பார்த்தோம். விபத்தான வண்டியின் சாமானாக இருந்தால் இங்கேதான் மாட்டிக்கொள்ளும். எங்காவது வெல்டிங் வைத்த தடம் தெரிந்தால் விலை எவ்வளவு குறைவானாலும் தொடாதீர்கள். ஸ்டியரிங் சாலையில் கழன்றால் நம்மோடு எதிரே வருகிறவரும் போவார்.

எந்த வண்டியில் இருந்து கழற்றியது என்று கேட்டு, அதையும் பொருந்தாவிட்டால் திருப்பி எடுப்பதாகச் சொன்னதையும் பில்லில் எழுதி வாங்கினோம். ராக் எண்டு (ராக்கின் முனையில் வரும் மூட்டு), டை ராடு எண்டு, பூட் மூன்றும் புதிதாகவே வாங்கினோம். இவற்றைப் பழையதாக வாங்குவதில் மிச்சமே இல்லை.

மாட்டும்போது மெக்கானிக் ராக்கைச் சரியாக நடுவில் நிறுத்தி, ஸ்டியரிங்கை நேராக வைத்து, அதன் பிறகே ஜாயிண்டை ஏற்றினார். ஜாயிண்ட் போல்ட் பினியன் தண்டின் பள்ளத்தில் உட்கார்ந்ததா என்று டார்ச் அடித்து எனக்கும் காட்டினார். முன்பக்கம் தூக்கியிருக்கும்போதே இரண்டு பக்கமும் முழு லாக் வரை திருப்பி, டயரோ பிரேக் ஹோஸோ எங்கும் உரசவில்லை என்று உறுதி செய்துகொண்டு, மெதுவாக ஓட்டி நேரே வீல் அலைன்மென்ட்டுக்குப் போனோம். அங்கே டோவை (முன்சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) சரிசெய்து, லாக் நட்டுகளை இறுக்கிய பிறகுதான் லோடு ஏற்றினோம்.