ஏழு பழனிசாமிகள்

எங்கள் ஊர் காங்கேயத்துக்குத் தெற்கே. அப்பாவுக்கு இரண்டே முக்கால் ஏக்கர். பாதி சோளக்காடு, மீதி மாடு மேயும் கொறங்காடு. 2019-ல் விவசாயிகளுக்கு மத்திய அரசு உதவித்தொகை தரும் பி.எம். கிசான் திட்டம் தொடங்கியதிலிருந்து அவருக்கு வருஷம் 6,000 ரூபாய், 2,000 வீதம் மூன்று தவணையாக வந்துகொண்டிருந்தது. வீட்டில் புண்ணாக்குக் கணக்கு அதில்தான் தீரும். போன வருஷம் திடீரென்று நின்றுவிட்டது.

கேஒய்சி என்கிற அடையாளச் சரிபார்ப்பை முடித்திருந்தோம், வங்கிக் கணக்கும் சரி. திட்டத்தின் இணையதளத்தில் பார்த்தால், நில விவரம் இணைக்கப்படவில்லை என்று வந்தது. வட்டார அலுவலகத்தில் சிட்டா நகல் மூன்று முறை கொடுத்தேன். மூன்று முறையும் "பார்க்கிறோம்" என்றார்கள்.

அதே தளத்தில் ஊர்வாரியாகப் பயனாளிகள் பட்டியல் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஒரு ராத்திரி உட்கார்ந்து எங்கள் ஊர்ப் பட்டியலை முழுக்கப் படித்தேன். அப்பா பெயர் பழனிசாமி. பட்டியலில் ஏழு பழனிசாமிகள் இருந்தார்கள். பெயர், ஆணா பெண்ணா, அவ்வளவுதான். தகப்பன் பெயர் கிடையாது. கொங்கு நாட்டில் வீட்டுக்கு ஒரு பழனிசாமி இருக்கும்போது இதை வைத்து யாரை அடையாளம் காண்பது?

காலையில் டீக்கடையில் பெரியவர்களிடம் கேட்டேன். "மேக்காலத் தோட்டத்துக்காரரு ஒண்ணு, கிணத்துக்காட்டாரு ஒண்ணு, உங்கொப்பன் ஒண்ணு" என்று விரல் விட்டு எண்ணினார்கள். ஆறு பேருக்கு ஆள் கிடைத்தது. ஏழாவது யாரென்று ஒருவருக்கும் தெரியவில்லை.

2020-ல் இதே திட்டத்தில் தமிழ்நாட்டில் தகுதியில்லாத லட்சக்கணக்கானோரைச் சேர்த்து சுமார் 110 கோடி ரூபாய் போய், சிபிசிஐடி விசாரணை வரை நடந்தது நினைவுக்கு வந்தது. அதனால் விட மனசில்லை. பத்து ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்பு ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். கேட்டது இரண்டுதான்: எங்கள் புல எண் யாருடைய பதிவோடு இணைந்திருக்கிறது? எங்கள் ஊர்ப் பயனாளிகளின் தகப்பன் அல்லது கணவர் பெயரோடு பட்டியல் வேண்டும். ஆதார் எண்ணோ வங்கிக் கணக்கோ கேட்கவில்லை. அது அவரவர் சொந்த விஷயம்.

தனிநபர் விவரம், தர இயலாது என்று பதில் வந்தது. படித்ததும் கோபம்தான் வந்தது. மானியத் திட்டங்களின் பயனாளிகள் விவரத்தை யாரும் கேட்காமலே அலுவலகம் வெளியிட வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 4-வது பிரிவே சொல்கிறது. 30 நாள் கெடுவுக்குள், அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு முதல் மேல்முறையீடு எழுதினேன். அப்புறம்தான் பட்டியல் வந்தது.

ஏழாவது பழனிசாமி பக்கத்துக் குக்கிராமத்துக்காரர். எங்கள் புல எண் அவர் பதிவில் ஏறியிருந்தது. நேரில் போய்ப் பார்த்தேன். பாவம், அவரும் நிஜமான விவசாயிதான். தாளைப் பார்த்துவிட்டு, "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க தம்பி, வாங்க, ரெண்டு பேரும் போலாம்" என்று என்கூடவே அலுவலகத்துக்கு வந்து எழுதிக் கொடுத்தார். அடுத்த மாதம் அப்பாவுக்கு நின்றுபோன இரண்டு தவணையும் சேர்ந்து வந்தது.

ஆகஸ்ட் 15 கிராம சபையில் அந்தப் பட்டியலை உரக்கப் படித்தேன். பணம் நின்றுபோன இன்னும் நாலு பேர் அங்கேயே கை தூக்கினார்கள். கூட்டம் கலைந்ததும் ஓர் ஆத்தா தனியாக வந்தார். "எங்கூட்டுக்காரரு போயி ஒரு வருசமாச்சு சாமி. நீ அவரு பேரயும் படிச்சியே. பணமும் வந்துக்கிட்டுத்தான் இருக்குது. தப்புங்களா?"

அந்தப் பதிவை முதலில் நிறுத்தச் சொல்ல வேண்டும், இறந்தவரின் நிலம் வாரிசுக்கு வந்தால் வாரிசு புதிதாகப் பதியலாம் என்று சொன்னேன். மறுநாள் காலையில் இறப்புச் சான்றிதழையும் பழைய பட்டாவையும் மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு எங்கள் வாசலில் நின்றார்.