எதை வைத்து அளந்தார்கள்?

நான் பார்ப்பது காலிபரேஷன் வேலை. வெப்பமானி, அழுத்தமானி, மல்டிமீட்டர் என்று பலவகைக் கருவிகள் எங்களிடம் வரும். அவற்றைவிட நம்பகமான ஒரு கருவியின் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, எவ்வளவு கூட்டிக் காட்டுகிறது, எவ்வளவு குறைத்துக் காட்டுகிறது என்று சான்றிதழ் எழுதிக் கொடுப்போம். ‘இந்தக் கருவி சரியாக இருக்கிறது’ என்று மட்டும் எழுதி அனுப்புவதே கிடையாது. விலகல் இவ்வளவு, அந்த விலகலைச் சொல்வதில் எங்களுக்குள்ள நிச்சயமின்மை இவ்வளவு என்று இரண்டு எண்கள் போகும். இரண்டாவது எண் இல்லாவிட்டால் முதல் எண்ணுக்கு எங்கள் தொழிலில் மதிப்பில்லை.

வேலைக்கு நடுவே எங்களுக்குள் ஒரு பேச்சு பல வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. இடைவேளையில் யாராவது அன்றைய அறிவியல் செய்தி ஒன்றை எடுத்துப் போடுவார்கள். கூடுபவர்களில் விஞ்ஞானி என்று யாரும் இல்லை. எலக்ட்ரீசியன் அண்ணன் ஒருவர், கணக்குப் பிரிவு நண்பர், கடைசல் இயந்திரத்தில் இருப்பவர், சில வருஷங்களுக்கு முன் டிப்ளமோ முடித்துச் சேர்ந்த ஒரு பெண், அப்புறம் நான். கருந்துளை, வேற்றுக்கிரகவாசி, கால இயந்திரம் என்று எதையும் விடுவதில்லை. வெறும் பொழுதுபோக்கு என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றலாம். என் வேலையை நான் புரிந்துகொண்டதில் பாதி இந்தப் பேச்சால் வந்தது என்று நினைக்கிறேன்.

இது சூடு பிடித்தது 2011 செப்டம்பரில். ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்திலிருந்து கிளம்பி, பூமிக்குள்ளாகவே சுமார் 730 கி.மீ. கடந்து, இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கு அடியில் இருந்த ஒபேரா கருவியை அடைந்த நியூட்ரினோக்கள் (பாறையையும் ஊடுருவிப் போகும் நுண்துகள்கள்), ஒளி வந்திருக்க வேண்டிய நேரத்தைவிட 60 நானோநொடி (ஒரு நானோநொடி என்பது நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு) முன்னதாக வந்துவிட்டன என்ற செய்தி. ஒளியை எதுவும் முந்த முடியாது என்ற ஐன்ஸ்டைன் தோற்றார் என்று எல்லாப் பக்கமும் தலைப்புச் செய்தி. எங்கள் அறையில் முதலில் கேட்கப்பட்டது வேறு கேள்வி. “எதை வைத்து அளந்தார்கள்?”

60 நானோநொடியில் ஒளி சுமார் 18 மீட்டர் போகும். கண்ணாடி இழைக்குள் என்றால் ஏறக்குறைய 12 மீட்டர்தான். மலைக்கு மேலே ஜிபிஎஸ் ரிசீவர், கீழே நியூட்ரினோ கருவி, நேரத்தை மேலிருந்து கீழே கொண்டுவர 8 கி.மீ.க்கும் அதிகமான ஆப்டிக்கல் ஃபைபர். அத்தனை நீளக் கேபிளின் தாமதத்தைச் சரியாகக் கழித்த பிறகுதான் அந்த 60 மிஞ்சுகிறது. “அந்தக் கேபிளை எப்போது கடைசியாக அளந்தார்களாம்?” என்றார் எலக்ட்ரீசியன் அண்ணன். சந்தேகப்பட்டுக் கேட்டதல்ல, எங்களிடம் எந்தக் கருவி வந்தாலும் கேட்கிற வழக்கமான கேள்வி அது.

கணக்குப் பிரிவு நண்பர் வேறு வழியில் போனார். 730 கி.மீ. கடக்க ஒளிக்கு ஆவது 2.4 மில்லிநொடி. அதில் 60 நானோநொடி என்றால் பத்து லட்சத்துக்கு 25 பங்கு. 1987-இல் பக்கத்து நட்சத்திர மண்டலத்தில் ஒரு நட்சத்திரம் வெடித்தது. தூரம் சுமார் 1,68,000 ஒளியாண்டு. அங்கிருந்து வந்த நியூட்ரினோக்களும் இதே விகிதத்தில் முந்தியிருந்தால் ஒளிக்கு நான்கு ஆண்டுகளுக்கும் முன்னால் வந்து சேர்ந்திருக்க வேண்டும். உண்மையில் வந்தது சில மணி நேரம் முன்னதாக மட்டுமே. அதற்கும் காரணம் தெரியும்: நட்சத்திரத்தின் மையத்தில் பிறந்த நியூட்ரினோ உடனே வெளியேறிவிடும், அதிர்ச்சி அலை மேற்பரப்பை எட்டிய பிறகுதான் ஒளி கிளம்பும். நண்பர் ஒரு துண்டுக் காகிதத்தில் இதைப் போட்டுக் காட்டியபோது எங்களுக்கு உண்டான மகிழ்ச்சியை இப்போதும் சொல்லத் தெரியவில்லை. உலகமே பேசும் ஒரு செய்தியை, பள்ளிக்கூடத்துப் பெருக்கலையும் வகுத்தலையும் வைத்து உரசிப் பார்க்க முடிந்தது.

விவாதம் அதோடு முடியவும் இல்லை. கடைசல் இயந்திரக்காரர் விடவில்லை. வெடித்த நட்சத்திரத்தின் நியூட்ரினோக்களின் ஆற்றல் குறைவு, செர்ன் அனுப்பியவற்றின் ஆற்றல் ஆயிரம் மடங்குக்கும் மேல். ஆற்றல் கூடினால் வேகமும் கூடும் என்றால் என்ன செய்வீர்கள் என்றார். நல்ல கேள்வி. இயற்பியலாளர்களும் அதைக் கேட்டிருக்கிறார்கள். கோஹன், கிளாஷோ என்ற இருவர் அதே ஆண்டில் அதற்கு ஒரு பதில் வைத்தார்கள்: ஒளியை முந்தும் நியூட்ரினோ வழியெல்லாம் எலக்ட்ரான், பாசிட்ரான் (நேர்மின்னூட்டம் கொண்ட அதன் எதிர்த்துகள்) ஜோடிகளை உதிர்த்து ஆற்றலை இழந்துகொண்டே வர வேண்டும், வந்து சேர்ந்தவையோ அப்படி இழந்ததாகத் தெரியவில்லை.

2012 பிப்ரவரியில் விஷயம் வெளியே வந்தது. ஃபைபர் கேபிளின் கனெக்டர் ஒன்று சரியாக இறுக்கப்படவில்லை. அண்ணனுக்கு இதில் பெருமை ஏதும் இல்லை. அவருக்குப் புதிராக இருந்தது வேறு. “கனெக்டர் லூஸாக இருந்தால் சிக்னல் விட்டுவிட்டு வரும், இல்லை வராமலே போகும். அது எப்படிச் சீராகத் தாமதமாகும்?” இதற்கு விடை தேடிப் படித்ததில்தான் நான் அதிகம் கற்றேன். தளர்ந்த கனெக்டர் வழியாக ஒளி மங்கலாக வருகிறது. மறுமுனையில் இருக்கும் ஒளி உணரி, ஒரு குறிப்பிட்ட மின்னழுத்தத்தைத் தொட்ட பிறகுதான் ‘துடிப்பு வந்தது’ என்று பதிவு செய்யும். ஒளி மங்கினால் அந்த அளவைத் தொட நேரம் பிடிக்கும். ஒவ்வொரு துடிப்புக்கும் ஏறக்குறைய அதே நேரம் பிடிக்கும் என்பதால் பிழை சீராக விழுகிறது. சீரான பிழையை ஆயிரம் முறை அளந்து சராசரி எடுத்தாலும் கண்டுபிடிக்க முடியாது. கீழே இருந்த கடிகாரம் அந்த அளவுக்குப் பின்தங்கி ஓடியது. நியூட்ரினோ முந்தி வந்ததாகத் தெரிந்தது. எதிர்த் திசையில் இழுத்த இன்னொரு சிறிய பிழையும் கடிகாரத்தில் இருந்தது. அதே மலைக்கடியில் இருந்த இக்காரஸ் என்ற இன்னொரு கருவி தனியாக அளந்து, நியூட்ரினோ ஒளியின் வேகத்தில்தான் வருகிறது என்று காட்டியது.

இந்தக் கதையைச் சொல்லி விஞ்ஞானிகளைக் கேலி செய்பவர்களை எனக்குப் பிடிக்காது. ஒபேரா குழு தன் அளவீட்டில் பிழை கண்டுபிடிக்க மாதக்கணக்கில் முயன்றுவிட்டு, முடியாதபோது, ‘எங்களுக்குத் தெரியவில்லை, நீங்களும் பாருங்கள்’ என்று மற்றவர்களிடம் கொடுத்தது. விலகலை மறைக்காமல் எழுதித் தருவதுதான் எங்கள் தொழிலும். அந்த வகையில் அவர்கள் எங்கள் ஆட்கள்.

எல்கே-99 செய்தி வந்தது 2023 ஜூலையில். சாதாரண அழுத்தத்தில், 127 டிகிரி செல்சியஸ் வரைக்கும்கூட மின்தடையே இல்லாத மீகடத்தி என்று கொரிய ஆய்வாளர்கள் சிலர் கட்டுரை போட்டார்கள். ஈயம், பாஸ்பேட், கொஞ்சம் தாமிரம். உலை இருந்தால் செய்துவிடலாம். காந்தத்தின் மேல் ஒரு கருப்புத் துண்டு ஒரு பக்கமாகத் தூக்கி நிற்கும் வீடியோவும் கூட வந்தது. எங்கள் அறையில் இரண்டு வாரம் வேறு பேச்சே இல்லை.

இங்கே என் மேசை வேலை நேராகவே உதவியது. பிளாட்டினம் வெப்பமானியை நாங்கள் மின்தடையை வைத்துத்தான் அளக்கிறோம். 0 டிகிரியில் 100 ஓம், 100 டிகிரியில் 138.5 ஓம். இரண்டு வயர் மட்டும் இணைத்தால் வயரின் தடையும், முனைகள் தொடும் இடத்தின் தடையும் சேர்ந்து உட்கார்ந்துகொள்ளும். அரை ஓம் கூடினாலே ஒரு டிகிரிக்கு மேல் தவறு. அதனால் நான்கு வயர் போடுவோம்: இரண்டு வழியாக மின்னோட்டம், இன்னும் இரண்டு வழியாக மின்னழுத்தம். பின்னதில் மின்னோட்டம் இல்லாத குறைதான், அதனால் அந்த வயர்களின் தடை கணக்கில் ஏறாது. புதிதாகச் சேருபவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

சரி, நான்கு வயர் போட்டு அளந்தாலும் ‘பூஜ்யம்’ என்று மீட்டர் காட்டுவதற்கு என்ன அர்த்தம்? என் மீட்டரின் இரைச்சலைவிடக் கீழே இருக்கிறது என்று அர்த்தம். அதற்குமேல் அந்தக் கருவியால் சொல்ல முடியாது. எல்கே-99 வரைபடத்தைப் பார்த்த அந்தப் பெண் கேட்டதும் இதுதான்: “சார், தடை பூஜ்யமாகிவிட்டதா, இல்லை கீழே விழுந்ததா?” விழுந்தது சுமார் 104 டிகிரியில். ஆகஸ்ட் மாதத்துக்குள் விளக்கம் கிடைத்துவிட்டது. தயாரிக்கும்போது தாமிர சல்பைடும் கூடவே உண்டாகிறது. அதன் படிக அமைப்பு சரியாக அந்த வெப்பநிலைக்கு அருகில் மாறுகிறது. மாறும்போது தடை சட்டென்று இறங்குகிறது. ஜெர்மனியில் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தினர் தாமிர சல்பைடு கலக்காத சுத்தமான படிகத்தை வளர்த்துப் பார்த்தார்கள். ஊதா நிறத்தில், ஒளி ஊடுருவும் படிகம். மீகடத்தி இல்லை, மின்சாரத்தைத் தடுக்கும் காப்புப் பொருள்.

எல்கே-99 பொய்த்ததில் எங்களுக்கு வருத்தம் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. உண்மையாக இருந்தால் மின்கம்பியில் வீணாவதைத் தவிர்த்திருக்கலாம், மருத்துவமனை ஸ்கேன் இயந்திரத்துக்கு திரவ ஹீலியம் தேவையில்லாமல் போயிருக்கும். ஆசைப்படுவதில் தவறில்லை. ஆசையோடு நான்கு வயரையும் மறக்காமல் இருந்தால் போதும்.

கற்பனைக்கு இடம் கொடுக்காதவர்கள் என்று எங்களை நினைத்துவிட வேண்டாம். நாங்கள் திரும்பத் திரும்பப் பேசுகிற ஒரு நட்சத்திரம் உண்டு. அதன் பட்டியல் எண் கேஐசி 8462852. பிற நட்சத்திரங்களின் கோள்களைத் தேடிய கெப்ளர் விண்வெளித் தொலைநோக்கியின் தரவைச் சாதாரண ஆர்வலர்கள் கண்ணால் பார்த்துச் சலித்தபோது சிக்கியது. வியாழன் அளவுள்ள கோள் குறுக்கே போனாலே நட்சத்திர ஒளி ஒரு சதவீத அளவுக்குத்தான் குறையும். இதில் ஒருமுறை 15 சதவீதமும் இன்னொருமுறை 22 சதவீதமும் குறைந்தது. டபெதா போயஜியன் தலைமையில் 2015-இல் எழுதப்பட்ட கட்டுரையில் அந்த ஆர்வலர்களின் பெயர்களும் ஆசிரியர்களாக இருக்கின்றன. அதை எங்கள் குழு ஒரு மரியாதையாகவே எடுத்துக்கொள்கிறது.

முன்னேறிய வேற்றுலக நாகரிகம் நட்சத்திரத்தைச் சுற்றிக் கட்டிய பிரம்மாண்டத் தகடுகளோ என்ற ஊகம் பரவியது அப்போதுதான். அதை நான் தள்ளிவிடவில்லை, இப்போதும் தள்ள மாட்டேன். காரணம், அந்த ஊகத்தைச் சோதிக்க முடியும். கெட்டியான தகடு மறைத்தால் நீல ஒளியும் சிவப்பு ஒளியும் ஒரே அளவில் குறையும். மெல்லிய தூசி மறைத்தால் நீலம் அதிகமாகவும் சிவப்பு குறைவாகவும் மங்கும். ஆர்வலர்கள் பணம் திரட்டித் தொலைநோக்கி நேரம் வாங்கினார்கள். 2017-இல் நட்சத்திரம் மறுபடி மங்கியபோது பல நிறங்களில் அளந்தார்கள். நீலம்தான் அதிகம் மங்கியது. தூசி. ஆனால் அவ்வளவு தூசி எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி இன்னும் உயிரோடு இருக்கிறது.

அதிலிருந்து எங்கள் பேச்சில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. யார் எந்த ஊகத்தைக் கொண்டுவந்தாலும், ‘எது தெரிந்தால் இதை நீ விட்டுவிடுவாய்?’ என்று கேட்போம். இதற்குப் பதில் இருந்தால் எவ்வளவு விசித்திரமான யோசனையும் பேசத் தகுந்தது. பதில் இல்லாவிட்டால், எவ்வளவு அடக்கமான யோசனை என்றாலும் பேச்சு ஐந்து நிமிஷத்தில் வற்றிவிடும். நாமெல்லாம் ஒரு கணினி விளையாட்டுக்குள் இருக்கிறோம் என்பது எங்கள் அறையில் அப்படித்தான் வற்றியது.

2025 தொடக்கத்தில் 2024 ஒய்ஆர்4 என்ற சிறுகோள் 2032 டிசம்பரில் பூமியில் மோதும் வாய்ப்பு 1 சதவீதம், 2 சதவீதம் என்று ஏறி 3.1 சதவீதம் வரை போனது. ஒரு வாரத்துக்குள் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் இறங்கியது. ‘மாற்றி மாற்றிப் பேசுகிறார்கள்’ என்று பலர் கோபப்பட்டார்கள். அளவை வேலை தெரிந்தவனுக்கு அது கோபம் தராது. சிறுகோள் கடந்துபோகக்கூடிய பாதைகளின் பட்டை முதலில் மிக அகலம். பூமி அதற்குள் ஒரு புள்ளி. அளக்க அளக்கப் பட்டை சுருங்குகிறது, பூமி உள்ளேயே இருக்கும் வரை அதன் பங்கு கூடிக்கொண்டுதான் போகும். ஒரு கட்டத்தில் பட்டையின் ஓரம் பூமியைத் தாண்டிச் சுருங்கியதும் எண் விழுந்துவிடும். அந்த ஏற்றமும் இறக்கமும் ஒரே நேர்மையான வேலையின் இரண்டு பாகம்.

இப்போது எங்களுக்குள் தீராமல் இருப்பது கே2-18பி. 124 ஒளியாண்டு தொலைவில் இருக்கும் கோள். அதன் வளிமண்டலத்தில் டைமெதில் சல்பைடு இருப்பதற்கான அறிகுறி கிடைத்ததாக 2025 ஏப்ரலில் கேம்பிரிட்ஜ் குழு ஒன்று அறிவித்தது. பூமியில் அந்த வாயு பெரும்பாலும் கடல் நுண்ணுயிர்களிடமிருந்து வருவது. அந்தப் பெண் இதில் உறுதியாக இருக்கிறாள்: அது கடல் சூழ்ந்த உலகம், அதில் உயிர் இருக்கலாம். எனக்கு மனசு ஒப்பவில்லை. அவர்கள் சொல்லும் உறுதி மூன்று சிக்மா, அதாவது வெறும் இரைச்சலே இப்படித் தோன்றுவதற்கு ஆயிரத்தில் மூன்று வாய்ப்பு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது ‘உயிர் இருப்பதற்கு 99.7 சதவீத வாய்ப்பு’ ஆகிவிடாது. டைமெதில் சல்பைடா, அதன் நெருங்கிய உறவான டைமெதில் டைசல்பைடா என்று அந்த அளவீட்டால் பிரித்துச் சொல்லக்கூட முடியவில்லை. போதாததற்கு, உயிருக்கு இடமில்லாத 67பி வால்நட்சத்திரத்திலும் அதே டைமெதில் சல்பைடு கண்டறியப்பட்டிருக்கிறது.

“அப்படியென்றால் எது தெரிந்தால் சார் நீங்கள் ஒத்துக்கொள்வீர்கள்?” என்று எங்கள் கேள்வியையே என்னிடம் திருப்பினாள். ஐந்து சிக்மா வேண்டும் என்றேன், அது போதாது என்று எனக்கே தெரியும். அதே அலைநீளங்களை விழுங்கக்கூடிய மற்ற மூலக்கூறுகளை ஒவ்வொன்றாக விலக்கிக் காட்ட வேண்டும் என்றேன். “எந்தெந்த மூலக்கூறு?” என்றாள். பெயர் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பட்டியலைத் தயார் செய்யும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. ஹைட்ரோகார்பன்களிலிருந்து ஆரம்பித்திருக்கிறேன்.