திரிகை அரைத்த கவிஞர்

'இன்குலாப் ஜிந்தாபாத்' என்றால் உடனே பகத் சிங் முகம்தான் ஞாபகம் வரும். அந்த முழக்கத்தைத் தந்தவர் ஓர் உருதுக் கவிஞர், மௌலானா ஹஸ்ரத் மோஹானி.

உத்தரப் பிரதேசத்தில் உன்னாவ் பக்கத்து மோஹான் ஊர்க்காரர். 1903-ல் அலிகரில் 'உருது-எ-முஅல்லா' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். எகிப்தில் ஆங்கிலேயர் ஆட்சியை விமர்சித்து அதில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் பெயர் இல்லை. யார் என்று கேட்டார்கள். மனுஷன் வாயே திறக்கவில்லை, பழியைத் தானே ஏற்றுக்கொண்டு 1908-ல் ஜெயிலுக்குப் போனார். அங்கே திரிகையில் மாவு அரைக்கும் வேலை. அதையும் ஷேர் என்ற உருது ஈரடிக் கவிதையாக்கிவிட்டார்: ஒரு பக்கம் கவிதைப் பயிற்சி, மறுபக்கம் திரிகை இழுக்கும் பாடு, இந்த ஹஸ்ரத்தின் சுபாவமே ஒரு விசித்திர வேடிக்கைதான் என்று!

1921 அகமதாபாத் காங்கிரஸில் முழு விடுதலை வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். காந்தியே எதிர்த்தார், தோற்றது. எட்டு வருஷம் கழித்து லாகூரில் காங்கிரஸ் அதே முழு விடுதலையை லட்சியமாக அறிவித்தது.

ஆளை எந்தப் பெட்டியிலும் அடைக்க முடியாது. ஹஜ் போவார், கிருஷ்ணனைப் பாடுவார், 1925-ல் கான்பூர் கம்யூனிஸ்ட் மாநாட்டின் வரவேற்புக் குழுவுக்கும் தலைவர். அப்புறம், பாகிஸ்தான் பாடகர் குலாம் அலி பாடிய 'சுப்கே சுப்கே ராத் தின்' கஜலும் இவர் எழுதியதுதான். மாவு அரைத்த கைதான் அந்தக் காதலையும் எழுதியது என்பதை என்னால் இன்னும் நம்ப முடியவில்லை.

பிரிவினைக்குப் பிறகும் இந்தியாவிலேயே இருந்தார். 1951-ல் லக்னோவில் காலமானார்.