என் ரைசனுக்கு 1.2 வோல்ட் போதும்

ஏஎம்டியின் ரைசன் பிராசஸர் உள்ள கணினியில், ராம் எனும் நினைவகத்தின் வேகத்தைக் கூட்ட இப்போது யாரும் மெனக்கெட வேண்டியதில்லை. மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸில், ராமை அதன் மீது அச்சிட்ட வேகத்தில் ஓட வைக்கும் எக்ஸ்போ என்ற ஒரு வரியை இயக்கினால் ஆயிற்று. எனக்கு எரிச்சலூட்டுவதே அந்தச் சுலபம்தான். டிடிஆர்5 என்ற தலைமுறை ராமின் இயல்பான மின்னழுத்தம் 1.1 வோல்ட். வேகம் 6000 என்று அச்சிட்டு விற்கும் பல ராம்கள் 1.35 வோல்ட் கேட்கும். தயாரித்தவரே சோதித்துக் கொடுத்த அளவு என்பதால் அதில் பயமில்லை.

பயப்பட வேண்டியது எஸ்ஓசி வோல்டேஜுக்கு. அது ராமுக்குப் போவதில்லை. பிராசஸருக்குள்ளேயே இருந்து ராமோடு பேசும் மெமரி கண்ட்ரோலருக்குப் போகிறது. எக்ஸ்போவை இயக்கியதும் மதர்போர்டு நம்மைக் கேட்காமல் இதையும் ஏற்றிவிடும். 2023 ஏப்ரலில் சில ரைசன் 7800எக்ஸ்3டி பிராசஸர்கள் அடிப்பக்கம் புடைத்து, சாக்கெட்டோடு கருகிய படங்கள் வெளிவந்தன. அதன் பிறகுதான் ஏஎம்டி 1.3 வோல்ட் என்று வரம்பு கட்டியது. பழைய பயாஸிலேயே ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் முதலில் அதைப் புதுப்பியுங்கள்.

வரம்பு 1.3 என்பதற்காக அதுவரை போக வேண்டுமா என்ன? நான் எஸ்ஓசியை 1.25-இல் தொடங்கிச் சிறிது சிறிதாகக் குறைத்து 1.2-இல் நிறுத்தியிருக்கிறேன், 6000 வேகம் அப்படியே நிற்கிறது. பயாஸில் தட்டிய எண்ணை மட்டும் நம்பாமல், விண்டோஸில் வோல்டேஜ் அளவுகளைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோவைத் திறந்து, ‘அதிகபட்சம்’ காட்டும் பத்தியையும் பாருங்கள்.

பிராசஸரில் கணக்குப் போடும் கோர்களுக்கு நான் வோல்டேஜ் ஏற்றுவதே இல்லை. எக்ஸ்3டி ரைசனில், கோர் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் கர்வ் ஆப்டிமைசர் என்ற பயாஸ் அமைப்பை மைனஸ் 20 வைத்துக் குறைக்கத்தான் செய்கிறேன். சூடும் தணிகிறது, வேகமும் சற்றுக் கூடுகிறது. அளவுக்கு மீறிக் குறைத்தால் கனமான வேலையில் தாக்குப்பிடித்துவிட்டு, சும்மா இருக்கும்போது திடீரென்று ரீஸ்டார்ட் ஆகும். ஆளைக் குழப்பும் கோளாறு அது.

மதுரையில் மொட்டைமாடிக்கு நேர் கீழே என் அறை. ராமில் பிழை தேடும் மெம்டெஸ்டில் இரவில் தேறும் ராம், சித்திரை மாத மதியத்தில் பிழை காட்டும். ராம் சூடேற ஏற அதன் செல்களில் மின்னூட்டம் சீக்கிரம் கசிந்துவிடுகிறது. அதை அடிக்கடி புதுப்பித்தாக வேண்டும். குளிர்தேசத்து நண்பர்கள் அந்த இடைவெளியை, அதாவது டிரெஃபியை, 65535 வரை நீட்டச் சொல்கிறார்கள். அவர்கள் அறைக்கு அது சரியாக இருக்கலாம். நான் போர்டு கொடுத்த மதிப்பிலேயே விட்டிருக்கிறேன்.